ஆள் என் ஒசரம் இருப்பானுங்க

— போர்டுல போட்டிருக்கறது நெசந்தானுங்களா? மூணே மாசத்துல தற்காப்புன்னு?

— ஆளைப் பொறுத்துதுங்கண்ணா. போர்டு எழுதினவன் ஒரு மாசம்னு எழுதறேன்னான். நாந்தான் அவன் வாயை அடைச்சு மூணுன்னு போடச் சொன்னேன். மழைல நிக்காதீங்க, உள்ள வாங்க. செருப்பை அங்கயே உட்டுருங்க.

— கராத்தே மாஸ்டர் நீங்கதானுங்களா? எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர்னு சொன்னாங்க...

— ரெண்டும் நாந்தாங்க. ஆறு நாளு ரைட்டர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் மாஸ்டர். ஜேசுதாஸுங்க. நீங்க?

— செல்லப்பனுங்க.

— எந்த ஊருங்கண்ணா?

— ...நாகலூருங்க.

— பக்கந்தான். உக்காருங்க, அந்தச் சாக்கு மேலயே உக்காருங்க. காப்பித் தோலை அடைச்சுத் தெச்சது. சேலத்துல பெரிய கிளாசுலயெல்லாம் ரப்பர் மெத்தை. நமக்கு இது. மொதலாளி நல்லவரு, சீசன் முடிஞ்சா ஷெட்டு காலியாத்தானே கெடக்குதுன்னு குடுத்தாரு.

— பத்துக் கூரை ஓட்டை ஒரே கையில ஒடைப்பீங்களாமே.

— சுதந்திர தினத்துக்கு ஒடைச்சேன். ஒம்பது. பத்துன்னு ஊர்ல பேசிக்கறாங்க, நானும் மறுத்துச் சொல்லலை. சரி, கத்துக்கறது யாருங்க, நீங்களா?

— ஐய, எனக்கு எதுக்குங்க இந்த வயசுல. இது... ஒறம்பரைல, சொந்தத்துல ஒரு பொம்பளைக்கு.

— வயசு?

— நாப்பது ஆவலை.

— ஒடம்பு எப்புடி?

— ஒல்லிங்க. என் தோளுக்குத்தான் வருவா... வருவாங்க.

— வேலை செய்யற ஒடம்புங்களா?

— அதுல கொறையே சொல்ல முடியாதுங்க. காட்டு வேலை, மாட்டு வேலை, எல்லாம் அவதான். பலாப்பழம் ரெண்டைத் தலையில வெச்சுட்டு மேடு ஏறினான்னா பின்னால போற நமக்கு மூச்சு வாங்கும்.

— அப்ப பாதி வேலை முடிஞ்சுது. எதுலருந்து தற்காப்புன்னு சொல்லுங்க. காட்டெருமைக்குன்னா கராத்தே ஆவாதுங்க. மரம் ஏறத்தான் சொல்லிக் குடுப்பேன்.

— ஹ... இல்லீங்க. ஆளுதான். ஆம்பள.

— எத்தனை பேரு?

— ஒரே ஆளு.

— எப்புடி இருப்பான்?

— என் ஒசரம் இருப்பானுங்க. கனமும்... என் கனந்தான்.

— வயசு?

— அதும் என் வயசுன்னே வெச்சுக்குங்க.

— டெய்லரு அளவெடுத்தாப்புல சொல்றீங்களேண்ணா.

— பாத்திருக்கறேனுங்க.

— சரி. அப்ப கேட்டுக்குங்க. கராத்தேன்னா கை, காலு, அடி. ஜூடோன்னு ஒண்ணு இருக்குது, அதுல அடி கெடையாது, புடிச்சுப் போடறது. ரெண்டும் எனக்குக் கொஞ்சம் வரும். ரெண்டுலயும் நான் பெரிய பருப்பு இல்லை, இந்த மலைல வேற ஆளு இல்லாததுனால மாஸ்டர் ஆயிட்டேன்.

— கம்புங்க? நானும் வயசுல கம்பு சுத்தினவந்தான். மாரியம்மன் நோம்பிக்கு எங்க ஊர்ல நான் எறங்கினா நாலு பேரு ஒதுங்குவாங்க. நானே சொல்லிக் குடுத்தரலாம்னு கூடப் பாத்தேன்.

— அப்புறம் என்ன தடை?

— எடம் பத்தாதுங்க. கம்பு சுத்தோணும்னா ஆறடி ஆறடி வேணுமில்லீங்களா. அந்த ஊட்டுக்குள்ள ஒரு மொறம் பொடைக்கவே ஒதுங்கி உக்காரோணும். ஓங்கினா உத்தரத்துல இடிக்கும்.

— ஊட்டுக்குள்ளயா? நான் ரோட்டுல, எஸ்டேட்டுப் பாதைல வம்பு பண்றவன்னு நெனைச்சேன். உள்ள வர்றான்னா... திருடனா?

— திருடன்னே வெச்சுக்குங்களேன்.

— எந்நேரத்துக்கு வருவான்?

— நேரங்காலமெல்லாம் இல்லீங்க. சோத்துக்கு உக்காரயில கூட வருவான்.

— சோத்துக்கு உக்காரயில வர்ற திருடனை இப்பத்தான் கேள்விப்படறேன். தட்டு போட்டு வெச்சிருப்பாங்களாட்டம் இருக்குது.

— ...

— சும்மா சொன்னேனுங்கண்ணா. கோவிச்சுக்காதீங்க.

— இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க கேளுங்க.

— எங்கிட்ட வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது என்ன தெரியுமுங்களா? ஓடறது. கராத்தேயும் வேண்டாம், கம்பும் வேண்டாம். கதவு எங்க இருக்குதுன்னு பாரு, ஓடுன்னுதான் சொல்லுவேன்.

— எங்க ஓடறதுங்க? ஆத்தா ஊடு இல்லை, அப்பன் ஊடு இல்லை. ஒரு அண்ணன் இருந்தான், அவனும் கூர்க் பக்கம் தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வரலை. கதவைத் தொறந்தா காடு. அதுக்கப்பறம் பள்ளம்.

— பக்கத்து ஊடு?

— இருக்குதுங்க. அவங்களுக்கும் தெரியும். சத்தம் கேட்டா அவங்க ஊட்டு ரேடியோ பெருசாவும்.

— ம்...

— குஸ்தி ஆவுமுங்களா?

— குஸ்திக்குக் கனம் வேணும். ஒல்லியான பொம்பளைன்னு சொல்றீங்க, உங்களாட்டம் ஒரு ஆளைக் கட்டிப் புடிச்சு என்ன பண்ணுவாங்க? புடி அவனுக்குத்தான் சாதகம்.

— வர்மமுங்க? ஒரு வெரல்ல தொட்டா ஆளு கீழ...

— தேவசிகாமணின்னு ஒருத்தரு, எனக்கு வர்மம் தெரியும்னு இந்த டவுனையே ரெண்டு வருசம் மெரட்டிட்டு இருந்தாரு. பஸ் ஸ்டாண்டுல கண்டக்டரு ஒரு நாளு சட்டையப் புடிச்சான். எந்த எடத்துல தொடறதுன்னு தேடிட்டே அடி வாங்கினாரு.

— ஹஹ... அடப் பாவமே.

— நீங்க என்ன எதிர்பாக்கறீங்க, அதைச் சொல்லுங்கண்ணா. அந்த ஆளை என்ன பண்ணோணும்?

— ஒரே போடு. ரெண்டு நாளைக்கு அவன் எந்திரிக்கக் கூடாது. மறுக்கா கை ஓங்கறப்ப அந்த வலி ஞாபகம் வரோணும். அவ்வளவுதான். ஆனா...

— ஆனா?

— உசுருக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுங்க. காட்டுல வேலை கெடக்குது.

— திருடனோட காட்டுலயா?

— ...பொம்பள ஜெயிலுக்குப் போயிட்டா அவங்க காட்டை யாரு பாக்கறதுன்னு சொல்ல வந்தேன்.

— சரி, சரி. வேற ஏதாச்சும் சொல்லோணுமா? அவங்களுக்கு ஒடம்புல முன்ன பின்ன அடிபட்டிருக்குதுங்களா? எலும்பு, கிலும்பு?

— போன வருசம்... கை ஒடிஞ்சுதுங்க. கட்டு கட்டி, ரெண்டு மாசம் கெடந்தா. இப்பத் தேவலை.

— எப்புடி ஒடிஞ்சுது?

— கொய்யா மரத்துல ஏறி உழுந்துட்டாங்கன்னு...

— உழுந்துட்டாங்கன்னு?

— சொன்னாங்க.

— ...

— என்னங்க மாஸ்டருங்க, அப்புடிப் பாக்கறீங்க?

— ஒண்ணுமில்லீங்க. உள்ள காத்து வருதான்னு பாத்தேன். எந்திரிங்கண்ணா. இப்புடி வந்து நில்லுங்க.

— நானா? எதுக்குங்க?

— அந்த ஆளு எப்புடி வருவான்னு தெரியாம நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது? நீங்க பாத்திருக்கறீங்கன்னு சொன்னீங்களே. நாந்தான் அந்தப் பொம்பள. நீங்க அவன். வாங்க, செஞ்சு காட்டுங்க.

— ஐயோ, உங்க மேலயா... வேண்டாங்க.

— ஒம்பது ஓடு ஒடைச்ச கை, பயப்படாதீங்க. நான் சட்டியக் கழுவிட்டு இருக்கறேன். உங்களுக்குக் கோவம். என்ன கோவமோ, ஏதோ ஒண்ணு. வாங்க.

— ...இப்புடிங்களா.

— இது சாமி கும்புடற கை. நெசமா வாங்க. அவன் வர்றாப்புல வாங்க.

— ...

— ஆ... ஆ, உடுங்க. உட்டுருங்கண்ணா. போதும்.

— வலிச்சுப் போச்சுங்களா? ஐயோ, மன்னிச்சுக்குங்க மாஸ்டருங்க... என்னமோ ஒரு வேகத்துல...

— வலியெல்லாம் இல்லீங்க. செல்லப்பண்ணா, நான் பன்னெண்டு வருசமா ஆம்பளைங்க சண்டை போடறதைப் பாத்துட்டு இருக்கறேன். ஒரு ஆம்பள இன்னொரு ஆம்பளையப் புடிச்சா சட்டையத்தான் புடிப்பான். இல்லாட்டி கழுத்து. உங்க கை நேரா என் பின்னந்தலைக்குப் போச்சு. கொண்டை இருக்கற எடத்துக்கு. எனக்கு முடியே ரெண்டு வெரல்தான் இருக்குது, அதையும் ஒரு சுத்து சுத்திப் புடிச்சீங்க.

— ...

— பழகின கைங்கண்ணா அது. நீங்க நாகலூரும் இல்லை. வந்ததுலருந்து நாலு தடவை கீழ ரோட்டை எட்டிப் பாத்துட்டீங்க. நாகலூர் பஸ்ஸு ரெண்டு போயாச்சு. நீங்க பாக்கறது வாழவந்தி பஸ்ஸை.

— ...வாழவந்திதானுங்க.

— உக்காருங்க.

— நிக்கறேனுங்க.

— அந்தத் திருடன்...

— நாந்தானுங்க. என் சம்சாரங்க, சின்னத்தாயி. இருவது வருசம் ஆச்சு கட்டிக் கூட்டியாந்து.

— குடிச்சா இப்புடி ஆவுதுங்களா?

— குடிக்கறதே இல்லீங்க. அதுதான் வெளிய சொல்ல வெக்கம். குடிச்சுட்டு அடிச்சாலாச்சும் பழியைச் சாராயத்து மேல போட்டுட்டுப் போயிரலாம். நான் பீடி கூடக் குடிக்க மாட்டேன். ஊர்ல கேட்டுப் பாருங்க, செல்லப்பனாட்டம் மனுசன் உண்டான்னுதான் சொல்லுவாங்க.

— பொறவு எதுக்குங்க?

— எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குங்க உங்க போர்டைப் படிக்கறேன்? சோத்துல கல்லு கெடந்துச்சு, அதுக்கு. ஆடு வேலியத் தாண்டிருச்சு, அதுக்கு. எங்கிருந்தோ ஒண்ணு கெளம்பி வரும். கண்ணு முன்னால கை மட்டுந்தான் தெரியும். அது முடிஞ்ச பொறவு நானே வெந்நி வெச்சு ஒத்தடம் குடுப்பேன். மஞ்சப் பத்துப் போடுவேன். அவ ஒண்ணும் பேச மாட்டா. 'கஞ்சி குடிக்கறீங்களா'ம்பா.

— கையும்...

— நாந்தான். கதவுப் பக்கம் தள்ளி உட்டேன், நெலைப்படி மேல போயி உழுந்தா. 'மடக்'குன்னு சத்தம் கேட்டுச்சுங்க. காப்பிச் செடில காஞ்ச கெளையை ஒடைச்சா கேக்குமே, அப்புடி. ஆஸ்பத்திரில கொய்யா மரம்னு நான் சொன்னேன். 'ஆமாங்க, கொய்யா மரந்தான்'னு அவளும் சொன்னா. எங்கூட்டுல கொய்யா மரமே இல்லை. அதுக்கப்பறம் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். குகைக்குள்ள கற்பூரத்தைக் கையில ஏத்தி அணைச்சு, இனி தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். பாருங்க, தழும்பு. நூத்தி இருவது நாளு, ஒரு நாளு தப்பாம எண்ணிட்டு இருந்தேனுங்க. காலையில எந்திரிச்சா மொத நெனப்பு இன்னிக்கு எத்தனாவது நாளுன்னுதான்.

— நூத்தி இருவத்தொண்ணாம் நாளு?

— கை வெச்சுட்டேன். சாமிக்கே கட்டுப்படாதவன் யாருக்குங்க கட்டுப்படுவேன்? ஊர்ப் பெரியவங்ககிட்டச் சொன்னா, 'புருசன் பொஞ்சாதி சமாச்சாரம், போய்ச் சோலியப் பாரு'ம்பாங்க. போலீசுக்குப் போனா அவளே 'எங்கூட்டுக்காரரு தங்கமுங்க'ன்னு சொல்லிருவா. நேத்துக் காட்டுல உக்காந்து ரோசனை பண்ணினேன். ஒரு நாளைக்கு இவளைக் கொன்னு போட்டுருவேனுங்க, மாஸ்டருங்க. அப்பறம் மஞ்சப் பத்துப் போட்டு ஆவுமா? என்னை நிறுத்தறதுக்கு ஒரே ஆளு அவதான். அவ கையில பலம் வந்தாத்தான் உண்டு.

— அதனால...

— அதனாலதான் கேக்கறேன். எது சொல்லிக் குடுத்தா அவளால என்னைக் கீழ போட முடியும்? எதுன்னாலும் சரி. என் ஒசரமும் கனமும் நீங்களே பாத்துட்டீங்க. எனக்கு வலது முழங்காலு ஒரு வருசமா நோவுதுங்க, அதுல ஓங்கி ஒதைச்சா உழுந்துருவேன். அதைக் கூட அவகிட்டச் சொல்லிருங்க. நான் வந்தேன்னு மட்டும் தெரிய வேண்டாம். ஞாயித்துக்கிழமை சந்தைக்கு அவ பழம் கொண்டு வருவா. சந்தையில நீங்களா கூப்புட்டாப்புல...

— அண்ணா.

— என்னைச் சொன்னா அவ வர மாட்டா. மொதல்ல நான் எதுக்குச் சொல்றேன்னு பயந்துக்குவா...

— செல்லப்பண்ணா, கொஞ்சம் நில்லுங்க. சத்தியம் பண்ணிட்டு நூத்தி இருவது நாளு இருந்தீங்களே, அன்னைக்கு என்னத்துக்குக் கை வெச்சீங்க?

— அதை எதுக்குங்க கேக்கறீங்க?

— சொல்லுங்க.

— சந்தை ஒரு மணிக்குக் கலைஞ்சுரும். ரெண்டரை பஸ்ஸுல வந்துருவா எப்பவும். கொஞ்ச நாளா ஞாயித்துக்கெழமையானா கடைசி பஸ்ஸுல வந்து எறங்கறா. எங்கடி போனேன்னா, 'காளியாயியப் பாக்கப் போனேன்'கறா. அவ கூட்டாளி காளியாயியக் கேட்டா, 'நான் பாத்தே ஒரு மாசம் ஆச்சு'ங்கறா. ஒருத்தன் மனசு என்ன நெனைக்குங்க?

— ஐயோ...

— ஏனுங்க?

— ஒண்ணுமில்லீங்க. உங்க சம்சாரத்துக்கு அடிக்கற வித்தையெல்லாம் ஆவாதுங்கண்ணா. எலும்பு கூடி வந்தது கோணலா வந்திருக்குது. இடது மணிக்கட்டைத் தோளுக்கு மேல தூக்கினா இன்னும் நோவு. நான் சொல்றது...

— எந்தக் கைன்னு நான் சொல்லலீங்களே.

— ...

— மாஸ்டருங்க. கை ஒடிஞ்சுதுன்னுதான் சொன்னேன். இடதுன்னு சொல்லலை. உங்களுக்கு எப்புடித் தெரியும்?

— ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு இங்க வருவாங்க. கூடையை அந்த மூலைல வெச்சுட்டு, முந்தானையை இழுத்துச் செருகிட்டு நிப்பாங்க. கடைசி பஸ்ஸுக்கு நாந்தான் ஏத்தி உடறேன்.

— இங்கயா... இங்கயா வந்தா...

— பொம்பளைங்க அஞ்சு பேரு வர்றாங்க. நர்ஸம்மா ஒருத்தரு, டீச்சருங்க ரெண்டு பேரு, எங்க எஸ்டேட்டுல வேலை செய்யற சென்னம்மாளக்கா, அப்பறம் உங்க ஊட்டுக்காரம்மா. ஊரு வாழவந்தின்னு சொன்னாங்க. புருசன் பேரு கேட்டேன், நோட்டுல எழுதறதுக்கு. 'அவர் பேரை நான் சொல்றதில்லீங்க'ன்னுட்டாங்க. அதனாலதான் நீங்க செல்லப்பன்னு சொன்னப்ப எனக்குத் தட்டுப்படலை. கை ஒடிஞ்சுதுன்னீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது.

— அதைப் போயி... அந்தக் கடைசி பஸ்ஸுக்குப் போயி அவளை நான்...

— நானும் ஒண்ணும் யோக்கியன் இல்லீங்கண்ணா. முதுகுல கன்னிப்போயி இருக்கறதைச் சென்னம்மாளக்கா எனக்குச் சொன்னாங்க. உங்களை வந்து ஒரு வார்த்தை கேக்கறதுன்னு ஒரு நாளு வாழவந்தி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். டிக்கெட் எடுக்கறதுக்குள்ள எறங்கிட்டேன். நம்ம போயி எதையாச்சும் கேட்டு, அது இன்னும் பெருசாயிட்டா அந்தம்மா படோணுமேன்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன். பயந்துட்டேன், அதுதான் நெசம். ஓட்டை ஒடைக்கறவன் ஒரு ஊட்டுக் கதவைத் தட்டலை.

— அவளுக்கு... அப்ப அவளுக்கு வித்தையெல்லாம் தெரியுங்களா? மூணு மாசமா வர்றாளா? மூணு மாசந்தானே நீங்க போர்டுல போட்டிருக்கறீங்க. அப்பறம் ஏனுங்க என்னை ஒரு அடி திருப்பி அடிக்கலை? போன ஞாயித்துக்கிழமை கூடத் தள்ளி உட்டேனுங்க. வாசப்படிலருந்து களத்துக்கு. கல்லுக் களமுங்க. உருண்டு போயி எந்திரிச்சா, சீலையத் தட்டினா, அடுப்பைப் பத்த வெக்கப் போயிட்டா. ஒரு செராய்ப்பு கூட இல்லை. நல்லவேளை, சேர்வராயன் புண்ணியத்துல அடிபடலைன்னு நான் கும்புட்டுக்கிட்டேன்...

— நல்லவேளை இல்லீங்கண்ணா. வந்த மொத நாளே நான் கேட்டேன், எதும்மா கத்துக்கறீங்க, குத்து சொல்லிக் குடுக்கட்டுமா, ஒதை சொல்லிக் குடுக்கட்டுமான்னு. 'அதெல்லாம் வேண்டாங்க மாஸ்டரு, அவர் மேல நான் எப்புடிங்க கை வெக்கறது? தள்ளி உட்டா கையி ஒடியாம உழுவறது எப்புடி, அது ஒண்ணை மட்டும் சொல்லிக் குடுங்க'ன்னாங்க.